வீடு வீடாக ஊழியம் செய்ய ஜிபிஎஸ்

யெகோவாவின் சாட்சிகளாக வீடு வீடாக ஊழியத்துக்குப் போகும் நமக்கு, ஊழியம் செய்யவேண்டிய பகுதியைக் காட்டும் பிராந்திய அட்டையைக் கையில் வாங்கியதும் எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடுவதிலேயே பாதிக் காலை போய்விடும். அதற்குத்தான் போனில் இருக்கும் ஜிபிஎஸ், ஆனால் வீட்டிலேயே கொஞ்சம் தயார் செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் மாதிரி இணையம் இல்லாமல் ஓடும் செயலி ஒன்றில் அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். செயற்கைக்கோள் சிக்னலுக்கு டேட்டா தேவையில்லை, சிம் இல்லாத பழைய போன்கூட இடத்தைக் காட்டும், முதல் தடவை இடம் பிடிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும், அதனால் இறங்கியதும் திறந்த வெளியில் சற்று நின்றுவிட்டு ஆரம்பியுங்கள். அட்டையில் உள்ள எல்லையை கூகுள் எர்த்தில் கோடாக வரைந்து கேஎம்எல் கோப்பாக (வரைபடச் செயலிகள் திறக்கும் கோப்பு வகை) சேமித்தால் கூட வருகிறவர் போனுக்கும் அனுப்பலாம்.

மறுசந்திப்புக்காக, அதாவது ஒரு வீட்டுக்கு மறுபடியும் போவதற்காக, வரைபடத்தில் புள்ளி வைக்கும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தனி வீடு என்றால் வீட்டின் மேல் வைக்காதீர்கள், பாதை பிரியும் இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று என்று இரண்டு வையுங்கள். செயலி புள்ளிக்கு மிக அருகில் எந்தச் சாலை ஓடுகிறதோ அதில்தான் கொண்டுபோய் நிறுத்தும், அது வீட்டின் பின்சுவராக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. (நான் வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் நின்றுகொண்டு வீட்டைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்!) நெருக்கமான தெருக்களில் வேறு சிக்கல். திறந்த வானத்தின் கீழேயே போன் சுமார் 5 மீட்டர் முன்பின் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி உங்களைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிடும். அங்கே புள்ளியை நம்பாமல் கதவு எண்ணையும் மாடியையும் எழுதிவிடுங்கள். இடத்தை ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) எண்களாக அனுப்பினால் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் போதும், அது ஏறக்குறைய 1 மீட்டர், மூன்றோடு நிறுத்தினால் 100 மீட்டருக்கு மேல் தவறலாம்.

சரி, அந்தப் புள்ளியில் என்ன எழுதலாம்? பேர், உடம்புக்கு என்ன, குடும்பத்தில் என்ன சண்டை, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். யெகோவாவின் சாட்சிகள் வீடு வீடாகப் போகும்போது எடுக்கும் குறிப்புகளுக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று, ஃபின்லாந்திலிருந்து வந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டைப் பற்றி அப்படி ஒருவர் குறித்துவைத்தால் நமக்குப் பிடிக்குமா? ஆள் இல்லை, சாயங்காலம் வரலாம், இவ்வளவு போதும். இனி வராதீர்கள் என்று சொன்ன வீட்டுக்கு முகவரி மட்டும், அதையும் பிராந்தியத்தைக் கவனிக்கும் சகோதரரிடம் கொடுத்துவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். லிங்க் கிடைத்த யாரும் திறக்கிற மாதிரி வரைபடத்தைப் பகிரவே கூடாது.

அப்புறம், மணியை அடிக்கும் முன்பே போன் பைக்குள் போகட்டும். கதவைத் திறப்பவர் முதலில் பார்ப்பது தன் வீட்டை நோக்கி நீட்டிய ஒரு கேமராவாக இருந்தால் அதற்கு மேல் பேச்சு நகராது.