காவிரி டெல்டாவுக்கே திரும்பிவிடலாமா? மூட்டை கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பொங்கல் லீவில் எடுத்த முடிவை நம்பாதீர்கள். தலை சாய்ந்து நிற்கும் சம்பாவும் அம்மா கைச்சாப்பாடும் சேர்ந்தால் யாருக்கும் சென்னை வாடகை கசக்கத்தான் செய்யும். ஐப்பசி மழையில் ஒரு தடவை, அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் பங்குனியில் ஒரு தடவை வந்து பத்துப் பத்து நாள் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நிலத்தை நம்பி வருகிறவர்கள் முதலில் அது தலைமடையா (ஆற்றுத் தண்ணீர் முதலில் வரும் இடம்) கடைமடையா (கடைசியில் வரும் இடம்) என்று பாருங்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் என்பார்கள். 2012 முதல் 2019 வரை எட்டு வருடமும் அந்தத் தேதி தவறியது, 2024இலும் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். திறந்தாலும் கல்லணை தாண்டி கடைமடையான பேராவூரணிப் பக்கம் வருவதற்குள் நாள் ஓடிவிடும். போர்வெல் இருந்தால் சமாளிக்கலாம், கடலோரம் என்றால் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று வாயில் விட்டே பாருங்கள்.

அடுத்து கணக்கு. மூன்று மா ஒரு ஏக்கர், ஆக ஐந்து மா என்றால் ஒன்றே முக்கால் ஏக்கர்கூட இல்லை. அதை வைத்து மாதச் சம்பளத்தை ஈடுகட்ட முடியாது, அடித்துச் சொல்கிறேன். அதிலும் பட்டா யார் பெயரில், சொந்தமா கோயில் குத்தகையா, அக்கா தங்கைகளின் பங்கு என்ன என்பதை அப்பா இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

விளைந்தால் மட்டும் காசாகிவிடாது. ஒரு குறுவை அறுவடையில் எங்கள் நெல், அரசுக் கொள்முதல் நிலைய வாசலில் எட்டு நாள் குவியலாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், அதனால் வெயில் தலைகாட்டும்போதெல்லாம் ரோட்டில் பரப்புவதும், தூறல் விழுந்தால் ஓடிப்போய்க் கூட்டி மூடுவதுமாகவே இருந்தோம். ஒன்பதாம் நாள் தார்ப்பாயை விலக்கி அப்பா ஒரு கை அள்ளினார், நெல்லெல்லாம் வெள்ளையாக முளை விட்டிருந்தது.

அதனால் வயலை இரண்டாவது வருமானமாக வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் ஐ.டி. கம்பெனிகளுக்கான மினி டைடல் பூங்கா வந்திருக்கிறது, திருச்சி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் சென்னைச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்வெர்ட்டர் செலவையும் சேருங்கள், 2018இல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை.

உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ இங்கே என்ன வேலை கிடைக்கும் என்பதை அவர்களிடமே கேளுங்கள், நாமே பதில் சொல்லிக்கொள்ளும் கேள்வி அது. (“ஏன் தம்பி, வேலை போயிடுச்சா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். ஒரு மாதத்தில் அலுத்து விட்டுவிடுவார்கள்.)

ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் மூன்று மாதம் மட்டும் வாருங்கள். அதுவரைக்கும் சென்னை வீட்டு அட்வான்ஸைத் திருப்பி வாங்காதீர்கள்.