மக்காச்சோளப் புத்தகங்கள்: எதை எடுப்பது, எங்கே நிறுத்திப் படிப்பது

பாப்கார்ன் பற்றிய குழந்தைகள் புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. நேராகச் சோளம் வெடிக்கும் பக்கத்துக்குப் போய்விடுவேன். அங்கே 'டப் டப்' என்று போட்டுவிட்டு அடுத்த பக்கம் தாவினால் அது கதைப் புத்தகம். ஏன் வெடிக்கிறது என்று ஒரு வரியாவது இருந்தால் அறிவியல் புத்தகம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வாராந்தர வேலை. இரண்டு வகையும் வேண்டும், ஆனால் ஒரே மாதிரி படிக்கக் கூடாது.

அறிவியல் புத்தகம் என்றால் அந்த ஒரு வரி சரியா என்று பாருங்கள். "சூடு பட்டதும் வெடிக்கும்" என்பது போதாது. சோள மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. சூடேறும்போது அது நீராவியாகி, கெட்டியான தோலுக்குள் அடைபட்டு அழுத்துகிறது. ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸில் தோல் கிழிகிறது. குழைந்திருந்த மாவுச்சத்து நுரைத்து விரிந்து, உடனே ஆறி இறுகிவிடுகிறது. புத்தகத்தில் இவ்வளவும் இருக்க வேண்டியதில்லை. நீரும் தோலும் இருந்தால் போதும். உள்ளே இருக்கும் காற்றுதான் காரணம் என்று எழுதியிருந்தால் நான் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவேன்.

வாசிக்கும்போது வெடிப்பதற்கு முந்தைய பக்கத்தில் நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு மணியைக் கையில் கொடுத்து, "இதுக்குள்ளே என்ன இருக்கு?" என்று கேளுங்கள். எந்தப் பதிலையும் திருத்த வேண்டாம், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அப்புறம் சில மணிகளின் தோலை நீங்களே கத்தியால் லேசாகக் கீறி, கீறாதவற்றைத் தனியாகவும் இவற்றைத் தனியாகவும் மூடி போட்ட பாத்திரத்தில் பொரியுங்கள். கீறிய மணிகளில் ஆவி கசிந்துவிடும். பல வெடிக்காது, வெடித்தாலும் சிறுத்துப் போகும். இப்போது பக்கத்தைத் திருப்புங்கள். விளக்கத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள், புத்தகம் அதை ஆமோதிக்கும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

பொரித்துக்கொண்டே படிக்க ஏற்றது டாமி டிபாவ்லாவின் 'தி பாப்கார்ன் புக்' (1978). அதிலேயே ஒரு பையன் பொரிக்கிறான், இன்னொருவன் படித்துச் சொல்கிறான். நீங்களும் அப்படியே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அடுப்பு மட்டும் பெரியவர்கள் பொறுப்பு. 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருந்தால் பாப்கார்ன் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். கையில் கொடுத்த மணிகளையும் எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள்.

வீடு நிறையப் பாப்கார்ன் பொங்கி வழியும் கதைகளுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள், அவ்வளவுதான். முடிந்த பிறகு ஒரு கரண்டி மணி பொரிந்தால் எத்தனை கரண்டி ஆகும் என்று பந்தயம் வையுங்கள். நல்ல ரகம் 30, 40 மடங்கு வரைகூட விரியும். கதாசிரியர் எவ்வளவு புளுகியிருக்கிறார் என்று கணக்குப் போடுவதில் பிள்ளைகளுக்குத் தனிச் சந்தோஷம்.

செடி வளர்வதைச் சொல்லும் புத்தகங்களில் படத்தைத்தான் பார்க்க வேண்டும். கதிரின் நுனியில் முடிபோல் தொங்கும் இழைகளைப் பல ஓவியர்கள் அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்குப் போகிறது. செடியின் உச்சிப் பூவிலிருந்து காற்றில் வரும் மகரந்தம் அந்த இழையில் பட்டால்தான் மணி உருவாகும். தோல் உரிக்காத கதிர் கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் இழையை அடி வரை தேடிப் போகச் சொல்லுங்கள். மணி வரிசைகளையும் எண்ணச் சொல்லுங்கள், பெரும்பாலும் இரட்டைப்படையில்தான் வரும். படத்தில் இருக்கும் கதிரையும் எண்ணுவார்கள். ஓவியர் அங்கே மாட்டிக்கொள்வார்!

கடைசியாக வரலாறு. மக்காச்சோளம் தானாகக் காட்டில் விளைந்த பயிர் இல்லை. டியோசின்டே என்ற புல்லிலிருந்து, தெற்கு மெக்சிகோ பகுதி மக்கள் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கியது. நல்ல புத்தகம் அந்த உழைப்பைச் சொல்லும். அலிகியின் 'கார்ன் இஸ் மெய்ஸ்' (1976) இதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் துணைத்தலைப்பிலேயே அமெரிக்கப் பூர்வகுடிகளை 'இந்தியன்ஸ்' என்கிறது, அது அந்தக் காலத்து வழக்கு. வாசிக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள், அந்த மக்கள் இன்றும் சோளம் விதைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து. இன்னொன்று, 1621இல் அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் வைத்த அறுவடை விருந்துக்குப் பூர்வகுடிகள் பாப்கார்ன் கொண்டுவந்தார்கள் என்று எந்தப் புத்தகம் சொன்னாலும் நம்ப வேண்டாம். விருந்தில் இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ என்ற குடியேறி எழுதிய கடிதத்தில் பாப்கார்னே இல்லை. அங்கே விளைந்த சோளமும் நன்றாகப் பொரியும் ரகம் இல்லை.

மீந்த மணிகளை இறுக மூடிய பாட்டிலில் வையுங்கள். திறந்து கிடந்தால் ஈரம் போய், அடுத்த முறை பாதி வெடிக்காது.