களிமண் குடிப்பவர்கள் கவனிக்காமல் விடும் தவறுகள்

உடம்பிலுள்ள நச்சு வெளியேறட்டும் என்று களிமண்ணைக் கரைத்துக் குடிக்கத் தொடங்குபவர்கள் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தால் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: எத்தனை கரண்டி, காலையிலா ராத்திரியிலா? கேட்டே ஆக வேண்டிய கேள்வியை, நான் எடுக்கும் மாத்திரையோடு இதைக் குடிக்கலாமா என்பதை, யாரும் கேட்பதில்லை. தண்ணீர் போதாமல் மலச்சிக்கல் வருவதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். அதை உடம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பது

இப்படிக் குடிக்க விற்கும் களிமண் வகைகளில் ஒன்றான பெண்டோனைட் மண் மெல்லிய ஏடுகள் அடுக்கியது போன்ற அமைப்புள்ளது. அந்த ஏடுகளில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் பல பொருள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணம் உண்மைதான். கால்நடைத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சைக் கட்டுப்படுத்த இதைச் சேர்க்கிறார்கள். பாராகுவாட் களைக்கொல்லியைக் குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் கொடுத்ததும் உண்டு. ஆனால் வந்து ஒட்டுவது நஞ்சா மருந்தா என்று மண்ணுக்குத் தெரியாது. டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக், இதயத்துக்குத் தரும் டிகாக்ஸின் எல்லாம் மண்ணோடு சேர்ந்தால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும்.

தைராய்டு மாத்திரை வாங்க வரும் ஒரு அம்மாவுக்குச் சீட்டில் அளவு கூடிக்கொண்டே போனது. தைராய்டு சுரப்பு போதாதபோது ரத்தத்தில் கூடும் டி.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் குறையவே இல்லை.

"காலையில மாத்திரையோட வேற ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா?"

"வேற மருந்து எதுவும் இல்ல தம்பி. களிமண் மட்டும்தான் குடிக்கிறேன். அது இயற்கைதானே?"

மாத்திரையும் வெறும் வயிற்றில், மண்ணும் வெறும் வயிற்றில், இரண்டும் ஒரே டம்ளர் தண்ணீரில். டாக்டரிடம் அவர் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. இதில் இன்னொரு ஆபத்து உண்டு. மண்ணைத் திடீரென்று நிறுத்தினால், கூட்டிவைத்த மாத்திரை முழுசாக உடம்பில் ஏறிப் படபடப்பு வரும். அதனால் நிறுத்துவதைக்கூட டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

எனக்கு இன்றும் கோபம் வருவது பொட்டலத்தைப் பார்த்துத்தான். "பக்கவிளைவு இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், மாத்திரையிலிருந்து தள்ளிக் குடிக்கச் சொல்லி ஒரு வரி சேர்ப்பதில்லை. வயிற்றுப்போக்குக்குத் தரும் ஸ்மெக்டைட் மருந்தும் களிமண்தான். அதற்கே மற்ற மருந்துகளோடு இடைவெளி விடச் சொல்கிறார்கள். தைராய்டு, இதயம், வலிப்பு இவற்றுக்குத் தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு நான் இடைவெளி சொல்வதில்லை, மண்ணே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வெளியே வருவதை நச்சு என்று நம்புவது

வருவது குடித்த மண். அது குடலோடு போய்விடும், ரத்தத்துக்குள் நுழைந்து எதையும் சுத்தம் செய்வதில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன.

மண்ணிலேயே ஈயம் இருப்பதை மறப்பது

பூமியிலிருந்து தோண்டி எடுப்பதால் ஈயமும் ஆர்சனிக்கும் கூடவே வரலாம். கொதிக்க வைத்தாலும் போகாது. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு பெண்டோனைட் பொடியில் ஈயம் இருப்பதாக எச்சரித்தது. 2019இல் பிரான்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் களிமண் மருந்துகளைத் தர வேண்டாம் என்றது, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது என்றும் சொன்னது. மருந்தாகத் தயாரித்த மண்ணுக்கே இவ்வளவு கவனம் என்றால், சோதனைச் சான்று இல்லாத பொட்டலத்தை என்ன சொல்ல?

முகத்துக்குப் பூசும் மண்ணைக் குடிப்பது

கூடவே கூடாது.

இரும்புக் கரண்டி பட்டால் கெட்டுவிடும் என்று பயப்படுவது

கலக்கும் நேரத்தில் ஒன்றும் ஆகாது.

மண் தின்னும் ஆசையைப் பழக்கம் என்று விட்டுவிடுவது

மண் வாசனைக்கே நாக்கு ஊறுகிறது, நிறுத்த முடியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் இந்த ஆசை வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். தின்னும் மண் சாப்பாட்டில் உள்ள இரும்பையும் பிடித்துக்கொள்ளும், குறை இன்னும் கூடும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இதற்காகத் திட்டாதீர்கள், திட்டினால் ஒளித்துவைத்துத் தின்பார்கள். குறையைச் சரியாக்கினால் அந்த ஆசை பெரும்பாலும் தானாகவே விட்டுப்போகும்.