கைக்குழந்தைக்கு மூக்கடைப்பும் இருமலுமா? லண்டனுக்குப் புதிதாக வந்த மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு

ஊரில் பிரித்தானியா முழுவதற்குமே லண்டன் என்றுதான் பெயர். நீங்கள் இறங்கியிருப்பது லெஸ்டர் ஆனாலும் கிளாஸ்கோ ஆனாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும். மட்டக்களப்பில் மாரி மழை கொட்டும் மாதங்களில்தான் இங்கே தடிமன் வைரஸ்களும் பரவுகின்றன. இதோடு ஹீற்றரும் சேர்ந்துகொள்கிறது. வாவிக் காற்றின் ஈரத்தில் இளகியிருந்த சளி, ஹீற்றர் காற்றில் காய்ந்து மூக்குக்குள் ஒட்டிவிடும். பிறந்த முதல் சில மாதங்களில் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். துவாரமோ மிகச் சிறியது. கொஞ்சச் சளியே போதும், பால் குடிக்க முடியாமல் முலையை விட்டு விட்டு அழும்.

ஆகவே வீட்டில் செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்றுதான்: பாலுக்கு முன் மூக்கைத் திறந்துவிடுவது. பார்மசியில் 'சேலைன் நேசல் ட்ரொப்ஸ்' என்று கேளுங்கள். லேபிளில் சோடியம் குளோரைட் 0.9% என்று மட்டுமே இருக்க வேண்டும். சைலோமெட்டசோலின், ஒக்சிமெட்டசோலின் என்று எழுதியிருந்தால் அது வேறு மருந்து, கைக்குழந்தைக்கு ஆகாது. ஒருமுறை மட்டும் பாவிக்கும் 5 மில்லிலீற்றர் குப்பிகள் நல்லது. நடுராத்திரியில் கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய தண்ணீர் 240 மில்லிலீற்றருக்கு அளவுக்கரண்டியால் தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கரைக்கலாம். கண்ணளவில் போடாதீர்கள். உப்பு கூடினால் எரியும். மிச்சத்தை அன்றே ஊற்றிவிடுங்கள்.

பால் கொடுக்கப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன் தொடங்குங்கள். பால் குடித்த பிறகு செய்தால் குடித்ததெல்லாம் வெளியே வரும். குப்பியை உள்ளங்கையில் பொத்திக் குளிரை ஆற்றுங்கள். பிள்ளையைத் துவாயால் கைகளோடு சுற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, ஒரு துவாரத்தில் ஒன்று அல்லது இரண்டு சொட்டு விடுங்கள். குப்பியின் நுனி மூக்கில் முட்டக்கூடாது. ஒரு நிமிடம் பொறுங்கள். பல நேரம் ஒரு தும்மலிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மட்டும் சளி உறிஞ்சும் கருவி (நேசல் அஸ்பிரேட்டர்). ரப்பர் குமிழ் வகையில் எல்லோரும் விடும் பிழை, மூக்குக்குள் வைத்த பிறகு அமுக்குவது. அப்போது உள்ளே போகும் காற்று சளியை இன்னும் பின்னுக்குத் தள்ளும். வெளியிலேயே முழுதாக அமுக்கி, நுனியைத் துவாரத்தின் வாசலில் மட்டும் வைத்து, பிடியை மெல்லத் தளர்த்துங்கள். எடுத்து, டிஷ்யூவில் பீச்சிவிட்டு மற்றத் துவாரம். நாளுக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். உள்தோல் வீங்கி அடைப்புக் கூடும், இரத்தமும் கசியும். ஒவ்வொரு முறையும் சவர்க்காரச் சுடுநீரை உறிஞ்சவைத்துப் பீச்சிக் கழுவி, நுனி கீழே பார்க்கக் காயவையுங்கள். ஈரம் தங்கினால் குமிழுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், வெளியே தெரியாது. தாய் வாயால் இழுக்கும் குழாய் வகையில் நடுவில் வடி இருக்கும், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேரடியாக வாயை வைத்து உறிஞ்சுவதை விட்டுவிடுங்கள். துணித் திரியும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம்.

கொறகொற என்று சத்தம் மட்டும் கேட்கிறது, பிள்ளை நன்றாகக் குடிக்கிறது, தூங்குகிறது என்றால் அந்த மூக்கைத் தொடவே தேவையில்லை.

இனிக் கல்லடியிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் வரும் வட்ஸ்அப் அழைப்புகள். "மூக்குக்குள்ள ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடு புள்ள" என்பார் பெத்தா. விடாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே இறங்கினால் நுரையீரலில் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற நஞ்சேற்றத்துக்கு இடமுண்டு. விக்ஸ் இரண்டு வயதுக்குக் கீழ் இல்லை. கற்பூரம் கலந்த எந்தத் தைலத்தையும் நெஞ்சிலோ தலையணையிலோ பூசாதீர்கள். சாம்பிராணிப் புகை சுவாசக் குழாயை உறுத்தும், கூடவே வீட்டுப் புகை மணியும் அலறும். வேது பிடித்தால் சுடுநீர் கொட்டுவதுதான் மிச்சம். கொத்தமல்லி அவித்த தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள், பிள்ளைக்கல்ல, உங்களுக்கு. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

பயணப்பெட்டியில் வந்த பாணி மருந்துகளையும் ஒதுக்கிவையுங்கள். பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மருந்தை இங்கே ஒரு வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. கடையில் விற்கும் இருமல், தடிமன் மருந்துகள் ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. காய்ச்சலோ நோவோ இருந்தால் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பரசிட்டமோல், 3 முதல் 5 மாதப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 2.5 மில்லிலீற்றர், குறைந்தது 4 மணி இடைவெளி, 24 மணியில் 4 தடவைக்கு மேல் இல்லை. அது மூக்கடைப்பைத் திறக்காது.

தூக்க விஷயத்தில் ஏணை பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கதவுச் சட்டத்தில் சேலை கட்டி ஏணை போடுபவர்கள் இங்கும் உண்டு. ஏணைக்குள் பிள்ளையின் நாடி நெஞ்சில் குத்தி, கழுத்து மடங்கும். மூக்கும் அடைத்திருந்தால் காற்று போக வழியில்லை. தட்டையான, இறுக்கமான மெத்தையில் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தவும் வேண்டாம். விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்தி வைத்திருக்கலாம். அறை 16 முதல் 20 பாகை செல்சியஸ் போதும். தடிமன் என்று தொப்பியும் மூன்று சட்டையும் போட்டுத் தூங்கவைப்பது ஆபத்து.

இருமலைப் பொறுத்தவரை, நெஞ்சுக்குள் இறங்கினால் பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்குவது. ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் முக்கிய காரணம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை மோசமாகும், பிறகு தணியும். இருமல் மூன்று வாரம்கூட நீளலாம். அன்ரிபயோட்டிக் கேட்டுச் சண்டை பிடிக்காதீர்கள், வைரசுக்கு அது வேலை செய்யாது. அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால், 28 வாரத்திலிருந்து தாய்க்கு ஆர்எஸ்வி தடுப்பூசி 2024 முதல் இலவசம்.

சட்டையை உயர்த்தி, பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். 2 மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல், 2 முதல் 12 மாதம்வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. அப்படி என்றாலோ, கடைசி இரண்டு மூன்று தடவை வழக்கத்தில் பாதிதான் குடித்தாலோ, 12 மணியாகப் பம்பர்ஸ் நனையாவிட்டாலோ, 3 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றாலோ 111 என்ற மருத்துவ ஆலோசனை இலக்கத்துக்கு அழையுங்கள், எந்த நேரமும், காசில்லை. விலாவுக்குக் கீழே சதை உள்வாங்குவது, முனகி முனகி மூச்சு விடுவது, மூச்சு நின்று நின்று வருவது, துவண்டு எழும்பாதது, நீலம் பாய்வது என்றால் அவசர அம்புலன்ஸுக்கு 999. நீலம் பாய்வது நம் நிறத்தில் முகத்தில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் பாருங்கள்.

111இல் ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ் இன்டர்பிரிட்டர் ப்ளீஸ்' என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். பிள்ளையின் வயதை மாதத்தில் சொல்லாமல் வாரத்தில் சொல்லுங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்.