ஓஷன் இன்ஜினியரிங் எம்.டெக்: திருவொற்றியூர்க் கரையிலிருந்து தொடங்குங்கள்

சிவிலோ மெக்கானிக்கலோ முடித்துவிட்டு, "அடுத்து ஓஷன் இன்ஜினியரிங் எடுக்கலாமா?" என்று யோசிக்கிற வடசென்னைப் பிள்ளைகளுக்காக இது. கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் முதல் இரண்டு படிகளை முடித்துவிடுங்கள். ஷேர் ஆட்டோ காசுதான் செலவு.

படி 1: அலையின் நேரத்தை எடுங்கள்

காசிமேட்டைத் தாண்டி வடக்கே வந்தால், கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள் தெரியும். கல்மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். கரையில் நின்றபடி, நங்கூரம் போட்டு நிற்கும் பைபர் படகு ஒன்றைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். அலை அதைத் தூக்கும் நொடியில் மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். ஒன்றிலிருந்து எண்ணினால் ஓர் அலை குறைந்துவிடும். பத்தாவது முறை தூக்கும்போது நிறுத்தி, வந்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். அதுதான் அலைக்காலம்.

80 வினாடி வந்தால் அலைக்காலம் 8 வினாடி. ஆழ்கடலில் அலைநீளம், அலைக்காலத்தின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 100 மீட்டர். கரையை நெருங்கும்போது அலைநீளம் சுருங்கும், அலைக்காலம் மாறாது. கரையில் நின்றே ஆழ்கடல் அலையைக் கணக்குப் போட முடிவது இதனால்தான். நீளத்தில் பாதி, அதாவது 50 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். 2 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் 9.8 × 2இன் வர்க்கமூலம், வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். நீளம் 35 மீட்டராகிவிடும். நெருக்கித் தள்ளப்பட்ட சக்திக்குப் போக்கிடம் இல்லாமல் அலை நிமிர்ந்து, உடைகிறது.

இந்தக் கணக்கு சுவாரஸ்யமாக இருந்தால் மேலே படியுங்கள். சலிப்பாக இருந்தால் வேறு எம்.டெக் பார்ப்பது நல்லது. படிப்பில் இதுதான் விரிவாக வரும்.

படி 2: மணல் எந்தப் பக்கம்?

தூண்டில் வளைவின் இரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். நம் கரையில் மணல் ஆண்டில் பெரும்பகுதி வடக்கே நகரும். வாடைக்காற்றுக் காலத்தில் மட்டும் திரும்பும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழும்பியதும் மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடலரிப்பு; அதைத் தடுக்கத்தான் இந்தக் கல். அவர்களுக்கு பீச், நமக்குக் கல்!

அந்தக் கல்லின் எடையும் பாடம்தான். ஹட்சன் வாய்பாட்டின்படி, அலை உயரம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும்.

படி 3: கிளையைத் தேர்ந்தெடுங்கள்

சிவில்காரர்களுக்குத் துறைமுகம், கரைப் பாதுகாப்பு, கடல்நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகள் இயல்பாக வரும். மெக்கானிக்கலுக்குக் கப்பல், மிதவை அசைவுகள். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் நீரடி ஒலியியல், ரோபோ பக்கம் பார்க்கலாம்; பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இந்த வேலைகளையும் செய்கிறது.

படி 4: கேட்

எம்.டெக் சேர எழுதும் நுழைவுத் தேர்வு இது. பிப்ரவரியில் நடக்கும், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறன். ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும். 2022 முதல் கப்பல் கட்டுமானத்துக்கென்றே தனித்தாள் இருக்கிறது. ஆனால் உங்கள் டிகிரிக்கான தாளை எழுதுவதே என் யோசனை. சென்னை ஐஐடியோ கரக்பூரோ, எந்தெந்தத் தாளை ஏற்கிறார்கள் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திரவ இயக்கவியலையும் பொருட்களின் வலிமையையும் விட்டுவிடாதீர்கள். ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்கள் இலவசம்.

படி 5: எம்.டெக்கா, எம்.எஸ்.ஸா?

வேலைக்குப் போக எம்.டெக், இரண்டு ஆண்டு. ஒரே பிரச்சினையைத் தோண்ட ஆசையிருந்தால் ஆராய்ச்சி வழி எம்.எஸ். அதற்கு நேர்முகத் தேர்வு உண்டு. "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டால், எடுத்த அலைக்காலத்தையும் இரண்டு பக்க போட்டோவையும் எடுத்து வையுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் உங்கள் கணக்கின் மேல்தான் வரும். தேதி, நேரம், காற்றின் திசை மூன்றையும் நோட்டில் குறித்திருந்தால் தடுமாற வேண்டியிருக்காது.