எஸ்பெராந்தோவைத் திரையில் பேசவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று காட்டிக்கொள்ள விரும்பாத இயக்குநர்கள் அடிக்கடி எஸ்பெராந்தோவைத் தேடிப் போகிறார்கள். செயற்கையாக உருவாக்கப்பட்ட, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி, அதனால் வசதி. ஆனால் யாருக்கும் புரியாது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

‘ஸ்டார் ட்ரெக்’கின் கிளிங்கானும் ‘அவதார்’ படத்தின் நாவியும் திரைக்காகவே உருவான மொழிகள். எஸ்பெராந்தோ அப்படியல்ல. அதை உருவாக்கிய ஸமென்ஹோஃப் 1887-ல் வார்சாவில் அதன் முதல் நூலை வெளியிட்டார். அன்றிலிருந்து மக்கள் அதில் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். குழந்தைப் பருவத்திலிருந்தே அதைப் பேசி வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். உங்கள் படத்தை அவர்களும் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் 1966-ல் வந்த ‘இன்குபஸ்’ இதற்குப் பெரிய பாடம். லெஸ்லி ஸ்டீவன்ஸ் இயக்கிய இந்தத் திகில் படம் முழுக்க எஸ்பெராந்தோவில்தான் நகரும். நாயகன் வில்லியம் ஷாட்னர். நடிகர்கள் மொழியைக் கற்கவில்லை, வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்தார்கள். படப்பிடிப்புத் தளத்தில் உச்சரிப்பைத் திருத்த ஆளில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ திரைப்பட விழாவில் திரையிட்டபோது, மொழி தெரிந்த ரசிகர்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவு இன்றும் கண்ணை இழுக்கிறது. அப்படிப்பட்ட உழைப்புக்கு நேர்ந்த கதியைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் உச்சரிப்பு கஷ்டமே இல்லை. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். இந்த இரண்டையும் நடிகர்களுக்குப் பழக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லிக்கொடுங்கள். எந்தச் சொல்லில் கோபம், எந்தச் சொல்லில் கெஞ்சல் என்று தெரியாமல் பேசினால், மொழி தெரியாத பார்வையாளருக்கும் அது ஒப்பிப்பாகவே கேட்கும்.

‘இன்குபஸ்’தான் முதல் எஸ்பெராந்தோ முழுநீளப் படம் என்று எழுதுவதும் தவறு. பிரான்சில் எடுக்கப்பட்ட ‘அங்கோரோய்’ 1964-லேயே வந்துவிட்டது.

இலக்கணத்துக்கு வருவோம். அதிகம் சறுக்குவது இரண்டாம் வேற்றுமையில்தான். தமிழில் ‘ஐ’ செய்யும் வேலையை அங்கே சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’ செய்கிறது. ‘லா ஹுந்தோ மோர்தாஸ் லா விரோன்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. அந்த ‘ன்’ இடம் மாறி ‘லா ஹுந்தோன் மோர்தாஸ் லா விரோ’ என்று வந்தால், கடிப்பவன் மனிதன். நடிகர் அவசரத்தில் விழுங்குவதும், படத்தொகுப்பில் வெட்டுப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி ஒலியைத்தான். அதனால் மொழி தெரிந்த ஒருவர் படப்பிடிப்பில் மட்டுமல்ல, டப்பிங்கிலும் எடிட்டிங்கிலும் உடனிருக்க வேண்டும்.

பெயர்ப் பலகைகளிலும் கவனம் தேவை. எஸ்பெராந்தோவில் 6 எழுத்துகளின் தலையில் குறி உண்டு. எழுத்துருவில் அது இல்லை என்று கலைத்துறையினர் விட்டுவிட்டால், அது எழுத்துப்பிழை. ‘பிளேட்: டிரினிட்டி’ (2004) தன் நகரத்தை அடையாளம் காட்டாமலிருக்க எஸ்பெராந்தோப் பலகைகளையும் கொடியையும் பயன்படுத்தியது. ‘கட்டாகா’வில் (1997) அலுவலக ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கும். அளவோடு வைத்தால் இவ்வளவே போதும்.

ஆனால் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940) படத்தில் சர்வாதிகாரி எஸ்பெராந்தோ பேசுகிறான் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. அவன் கத்துவது ஜெர்மனைக் கேலி செய்யும் பொருளற்ற ஒலிகள். எஸ்பெராந்தோ இருப்பது யூதக் குடியிருப்பின் கடைப் பலகைகளில். ஹிட்லர் தன் நூலில் இந்த மொழியை யூதச் சதியின் கருவி என்று தாக்கியவர். ஸமென்ஹோஃப் யூதர். அவருடைய பிள்ளைகள் மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். ஆகவே அந்தப் பலகைகளைச் செட் அலங்காரமாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. இந்த மொழியைக் கொடுங்கோலர்களின் மொழியாக்க நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

யார் பேசுகிறார், ஏன் பேசுகிறார் என்பதற்குக் கதையில் காரணமும் வேண்டும். ‘கேப்டன் ஃபென்டாஸ்டிக்’கில் (2016) காட்டில் வளர்ந்த சகோதரிகள் தங்களுக்குள் எஸ்பெராந்தோ பேசுகிறார்கள். தானே நிறையக் கற்கும் பிள்ளைகள் அவர்கள் என்பதால் அது பொருந்துகிறது.

கடைசியாக, சப்டைட்டில். பல படங்களில் எஸ்பெராந்தோ வசனம் வரும்போது ‘வேற்று மொழியில் பேசுகிறார்’ என்று போட்டுக் கடந்துவிடுகிறார்கள். காது கேளாதோருக்கான வரிகளில் மொழியின் பெயரையும் வசனத்தின் பொருளையும் போடச் சொல்லுங்கள். வசனத்தை எழுதியவரிடம் சரியான பிரதி இருக்கும். அதைச் சப்டைட்டில் செய்பவர் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள்.