பின் அக்சில் உறுமல்: பெயாரிங்கில் கைவைக்க முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரியில் குளங்கள் வான் பாய்ந்து ஓய்ந்த பிறகு ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்து ஜீப்புகளும் பிக்கப்புகளும் ஒரே முறைப்பாட்டோடு கராஜுக்கு வரும். "அண்ணை, பின்னால ஒரு உறுமல் கேக்குது. பெயாரிங் போயிட்டுது போல." போயிருக்கலாம்தான். ஓடிச் சூடேறிய அக்சில் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கும். அக்சில் மூச்சுவிடும் சிறு துளையான பிரீதர் சேற்றில் அடைபட்டிருந்தால், ஒயில் கசியாமல் தடுக்கும் ஒயில் சீல் தேய்ந்திருக்க, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுபடும். ஆனால் உறுமுவதெல்லாம் பெயாரிங் இல்லை.

முதலில் டயரைச் சந்தேகியுங்கள். சேற்றுக்குப் போடும் முரட்டு டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்தால் பெயாரிங் போலவே இரையும். ஏ9 கார்ப்பட்டில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, அதே வேகத்தில் சல்லி தெரியும் பழைய தார் றோட்டில் ஓடிப் பாருங்கள். தரை மாறச் சத்தமும் மாறினால் டயர்தான். கிறவலில் சோதித்துப் பயனில்லை, கல் அடிக்கும் சத்தமே எல்லாவற்றையும் மூடிவிடும். இன்னும் சந்தேகமென்றால் பின் டயர்களை முன்னுக்கு மாற்றுங்கள். சத்தமும் கூடவே முன்னுக்குப் போனால் காசு மிச்சம். அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் தொனி மாறினால் டிபரென்சியல் (அக்சிலின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி) பக்கம் பாருங்கள்.

ஆகப் பெரிய தவறு, சாரதி இருக்கையில் இருந்தபடியே எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வது. ஒருமுறை நானே இடப்பக்கம்தான் என்று அடித்துச் சொல்லி, அதை மாற்றி முடித்து, பரந்தன் சந்தி தாண்ட முன்னமே அதே உறுமலைக் கேட்டேன். போயிருந்தது வலப்பக்கம். அக்சில் இரும்புக் குழாய், ஒரு முனைச் சத்தம் மறுமுனைக்கும் ஓடும். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடச் சில்லில் ஏறும், அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். அதையும் முடிவாக எடுக்காதீர்கள்.

முடிவைக் கைதான் சொல்லும். முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின் சில்லு இரண்டையும் தூக்கி, அக்சிலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். கைபிரேக்கை விட்டால்தான் பின் சில்லு சுழலும் என்பதால் அந்தக் கட்டைகள்தான் உங்கள் உயிர். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சில்லை மெதுவாகச் சுற்றி, மறுகையை டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் வையுங்கள். நல்ல பெயாரிங் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டதில், மணல் அரைபடுவது போன்ற ஒரு கரகரப்பு விரல் நுனிக்கு வரும். எஞ்சினைப் போட்டுச் சுற்ற வேண்டாம். முன் சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீலில் விழுந்திருந்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

சில்லைப் பிடித்து உலுக்கி, ஆட்டம் இல்லை, ஆகவே பெயாரிங் சரி என்று விடுவதும் பிழை. ஆட்டம் வருமுன்னமே சத்தம் வரலாம். உரசல் சத்தமென்றால் டிரம்மைத் திறந்து பாருங்கள், ஒரு கிறவல் கல்லே கிடக்கலாம். டிரம்முக்குள் ஒயில் கசிந்திருக்கக் கண்டு சீலை மட்டும் மாற்றுபவர்கள் ஏராளம். பெயாரிங் தேய்ந்து, அக்சிலுக்குள் சில்லைச் சுழற்றும் தண்டு ஆடினால் புதுச் சீலையும் அது தின்றுவிடும்.

மாற்றும்போது சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். பல பிக்கப்புகளில் பெயாரிங்கும் அதைப் பிடிக்கும் கொலரும் தண்டில் இறுக்கி ஏற்றப்பட்டவை, அழுத்தி ஏற்றும் பிறெஸ் வேண்டும். பழைய கொலரைத் திரும்பப் போடவே கூடாது. அது நழுவினால் தண்டோடு சேர்ந்து சில்லே வெளியே வந்துவிடும்.

கழற்றிய பெயாரிங்கை எறிய முன் துடைத்துப் பாருங்கள். துருப் புள்ளி இருந்தால் பிரீதரைக் கழற்றி ஊதிச் சுத்தப்படுத்துங்கள். டிபரென்சியல் ஒயில் தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.